அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு வரும் விசிட்டிங் ஸ்காலர் காலூன்ற உதவுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

உங்கள் துறைக்கு ஊரிலிருந்து ஒரு விசிட்டிங் ஸ்காலர் வருகிறார், "கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். அல்லது யாரும் சொல்லாமலே, வருகிறவர் தமிழர் என்று தெரிந்து நீங்களே முன்வந்துவிட்டீர்கள். இந்த வழிகாட்டி உங்களுக்குத்தான். ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவில் தமிழ்நாட்டிலிருந்து அமெரிக்கா வரும் ஆய்வாளர்களையும் கல்லூரி ஆசிரியர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். வருகிறவரே படித்தாலும் பயன்படும்.

உதவ ஆளே இல்லாமல் யாரும் தவித்து நான் அதிகம் பார்த்ததில்லை. விமான நிலையத்துக்குக் கார் எடுத்துப் போக நாலு பேர் கிளம்புவார்கள், முதல் சனி ஞாயிறு இரண்டு வீட்டில் விருந்து நடக்கும். தவிப்பு வருவது இரண்டு காரணங்களால்: ஒன்று முடிந்தால்தான் அடுத்தது நடக்கும் என்கிற வேலைகள் முன்பின்னாகிப் போவது, மூன்றாவது வாரத்துக்கு மேல் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவது. அதனால் எதை எப்போது செய்ய வேண்டுமோ அந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

1. புறப்படுவதற்கு மூன்று நான்கு மாதம் முன்பு: பெயரும் பிரிவும்

முதலில் பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நம் ஊர்க்காரர்கள் பலருக்கு அதில் சர்நேம் இடம் காலியாக இருக்கும், முழுப் பெயரும் கிவன் நேம் கட்டத்தில் இருக்கும். அப்படி இருந்தால் அமெரிக்க விசாவில் முழுப் பெயரையும் சர்நேமாகப் போட்டு, முதல் பெயர் இடத்தில் எஃப்என்யு என்று அச்சடித்துவிடுவார்கள், முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். அதற்குப் பிறகு வங்கி, ஓட்டுநர் உரிமம், பல்கலைக்கழக அடையாள அட்டை, காப்பீட்டு அட்டை என்று ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு விதமாக எழுதுவார்கள், ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாது. மருந்துக் கடையில் "உங்கள் பெயரில் காப்பீடு இல்லையே" என்று சொல்வது வரைக்கும் இது துரத்தும். நேரம் இருந்தால், டிஎஸ்-2019 படிவம் (ஜே-1 விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் சான்று) தயாராவதற்கு முன்பே பாஸ்போர்ட் சேவா மூலம் பெயரைப் பிரித்துப் புதுப் பாஸ்போர்ட் வாங்கிவிடுவது நல்லது. நேரம் இல்லையா, சரி, பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதச் சொல்லுங்கள், இனிஷியலை ஓர் இடத்தில் விரித்தும் இன்னோர் இடத்தில் சுருக்கியும் எழுத வேண்டாம்.

அடுத்தது, பல்கலைக்கழகம் எந்தப் பிரிவில் டிஎஸ்-2019 தருகிறது என்று பாருங்கள். ரிசர்ச் ஸ்காலர் பிரிவில் ஐந்து ஆண்டு வரை இருக்கலாம். ஆனால் அந்தப் பிரிவில் மூன்று மாதம் மட்டும் இருந்து முடித்துத் திரும்பினாலும், அடுத்த 24 மாதத்துக்கு அதே பிரிவில் மறுபடி வர முடியாது. ஆறு மாதத்துக்குள் முடிகிற பயணம் என்றால் ஷார்ட் டெர்ம் ஸ்காலர் பிரிவைக் கேட்டு வாங்குங்கள், அதற்கு இந்தத் தடை கிடையாது. அதில் ஆறு மாதத்துக்கு மேல் நீட்டிக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுங்கள். எது சரி என்று முடிவெடுக்க அவருடைய அடுத்த இரண்டு மூன்று வருடத் திட்டத்தைக் கேட்க வேண்டும். அலுவலகத்தில் யாரும் கேட்க மாட்டார்கள், அதனால் நீங்கள் கேளுங்கள்.

முடிந்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும் என்ற விதியைப் பற்றிப் பலர் பயப்படுவார்கள். திறன் பட்டியலை (சொந்த நாட்டுக்குத் தேவைப்படும் துறைகள் என்று அமெரிக்க அரசு வைத்திருக்கும் பட்டியல்) வைத்து அந்த நிபந்தனை விதிக்கப்படும் நாடுகளில் இருந்து 2024 டிசம்பரில் இந்தியாவை எடுத்துவிட்டார்கள். ஆனால் ஃபுல்பிரைட் போல அரசுப் பணத்தில் வருகிறவர்களுக்கு அது இன்னமும் உண்டு.

2. கிளம்பும் மாதம்: பெட்டிக்குள்ளும் பைக்குள்ளும்

ஜே-1 விசாவுக்குக் காப்பீடு சட்டப்படி கட்டாயம், உடன் வரும் கணவன் மனைவி குழந்தைகளுக்கும் சேர்த்து. ஒரு நோய்க்கோ விபத்துக்கோ குறைந்தது 1,00,000 டாலர், மருத்துவக் காரணத்துக்காக ஊருக்குக் கொண்டுபோக 50,000 டாலர், உயிரிழந்தால் உடலை அனுப்ப 25,000 டாலர், கையிலிருந்து கட்டும் தொடக்கத் தொகை 500 டாலருக்கு மேல் போகக் கூடாது. ஊரில் விற்கும் சில பயணக் காப்பீடுகள் இதில் ஏதாவது ஒன்றில் உதைக்கும். வாங்குவதற்கு முன் பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகத்துக்கு அனுப்பிச் சரிபார்த்துக்கொள்ளட்டும்.

பல்லை ஊரிலேயே பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள், பல் வைத்தியம் பெரும்பாலான திட்டங்களில் சேராது. கண்ணாடி இரண்டு ஜோடி. தினமும் சாப்பிடும் மாத்திரைகள் மூன்று மாதத்துக்கு, மருந்தின் பொதுப்பெயரோடு ஆங்கிலத்தில் எழுதிய மருத்துவர் சீட்டுடன், கைப்பையில். குழந்தைகள் வந்தால் தடுப்பூசி அட்டை மிக முக்கியம். அதில் தேதிகள் தெளிவாக இல்லாவிட்டால் ஊர் மருத்துவரிடமே ஆங்கிலத்தில் எழுதி முத்திரை வாங்கிக்கொள்ளட்டும், இல்லாவிட்டால் இங்கே போட்ட ஊசியையே மறுபடி போடச் சொல்வார்கள். காசநோய்ப் பரிசோதனை கேட்கும் இடங்களில் தோலில் ஊசி குத்திப் பார்க்கும் முறை வேண்டாம், ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று கேட்கலாம். நமக்குப் பிறந்ததும் போடும் பிசிஜி தடுப்பூசியால் தோல் பரிசோதனையில் இல்லாத நோய் இருப்பதாகக் காட்டக்கூடும்.

மிக்ஸி, கிரைண்டர், இண்டக்‌ஷன் அடுப்பு எதையும் தூக்கி வர வேண்டாம். இங்கே மின்சாரம் 120 வோல்ட். நம் ஊர் நிறுவனங்களே இதற்கென்று செய்யும் 110 வோல்ட் மிக்ஸி இங்கே கிடைக்கிறது. பிரஷர் குக்கரை மட்டும் ஆசைப்பட்டால் கொண்டுவரட்டும், கூடவே உபரி கேஸ்கட். பச்சைக் கறிவேப்பிலை கூடவே கூடாது, எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் பூச்சி அதில் வரும் என்பதால் தடை. இறைச்சி, பழம், விதை வேண்டாம். பொடி, ஊறுகாய், அப்பளம் எல்லாம் கடைப் பாக்கெட்டாக இருப்பது நல்லது. விமான நிலையத்தில் உணவு இருக்கிறதா என்று கேட்டால் "இருக்கிறது" என்று சொல்ல வேண்டும். சொன்னால் அதிகபட்சம் எடுத்துக்கொள்வார்கள், மறைத்தால்தான் அபராதம்.

இந்தியக் கைப்பேசி எண்ணில் சர்வதேச ரோமிங்கை அங்கிருந்தே செயல்படுத்தி வருவதை மறக்கவே கூடாது. வங்கி ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும், அது நின்றுபோனால் தன் பணத்தைத் தானே தொட முடியாது. முதல் சம்பளமோ உதவித்தொகையோ வர ஒரு மாதம், சில சமயம் ஒன்றரை மாதம் ஆகும். அதுவரைக்குமான செலவு, முதல் வாடகை, முன்பணம் எல்லாவற்றுக்கும் கையில் வழி வேண்டும். நோட்டாக 3,000 டாலருக்கு மேல் கொண்டுவர ரிசர்வ் வங்கி விதி விடாது, மீதியை ஃபாரெக்ஸ் கார்டில் போடட்டும்.

3. வீடு

அமெரிக்காவில் கடன் வரலாறு இல்லாதவருக்கு வாடகை வீடு கொடுக்கப் பல அடுக்குமாடி நிர்வாகங்கள் தயங்கும். பல்கலைக்கழக அழைப்புக் கடிதத்தில் சம்பளத் தொகை இருந்தால் அதைக் காட்டலாம். இல்லாவிட்டால் சில மாத வாடகையை முன்கூட்டியே கட்டலாமா என்று கேட்கலாம். வருகை ஒரு வருடமோ அதற்குக் குறைவோ என்றால் நான் முதலில் தேடச் சொல்வது, சபாட்டிக்கல் விடுப்பில் வெளியூர் போகும் பேராசிரியர்களின் வீடுகள். சாமான், பாத்திரம், படுக்கை எல்லாம் இருக்கும், துறைச் செயலாளரிடம் கேட்டாலே தெரியும். பாஸ்டன் மாதிரி ஊர்களில் பெரும்பாலான குத்தகை செப்டம்பர் 1 அன்று தொடங்கும், ஜனவரியில் வருகிறவர் உள்வாடகைக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

வீட்டை யாரும் நேரில் பார்க்காமல் முன்பணம் அனுப்பக் கூடாது. "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் வந்ததும் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்று யார் சொன்னாலும் அது மோசடி. நீங்கள் போய்ப் பார்த்து வீடியோ அழைப்பில் காட்டுங்கள். குழாயைத் திறந்து பாருங்கள், ஹீட்டர் யார் பொறுப்பு, பஸ் நிறுத்தம் எவ்வளவு தூரம், ஞாயிற்றுக்கிழமை பஸ் ஓடுமா என்று கேளுங்கள். உள்ளே குடிபோகும் அன்றே சுவர், தரை, அடுப்பு எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு மின்னஞ்சல் செய்யச் சொல்லுங்கள். முன்பணம் திரும்பி வர அதுதான் சாட்சி.

4. முதல் மூன்று நாள்

அழைத்து வந்ததும் சோறு போட்டு விட்டுவிடுங்கள், பேசிக்கொண்டே உட்கார வேண்டாம். நேர வித்தியாசம் கிழக்குக் கரையிலேயே ஒன்பதரை முதல் பத்தரை மணி நேரம், அதிகாலை மூன்று மணிக்கு வீடே விழித்துப் பசியோடு உட்கார்ந்திருக்கும். அந்த மூன்று மணிக்கு என்ன இருக்கும் என்று யோசித்துச் சாமான் வாங்கி வையுங்கள்: அரிசி, பருப்பு, தயிர், பால், வெங்காயம், வாழைப்பழம், பிரெட், காபித்தூள். போர்வையும் தலையணையும் கழிவறைத் தாளும் ஒரு நல்ல விளக்கும். வாடகை வீடுகளில் பல அறைகளுக்குக் கூரை விளக்கே இருக்காது.

தாளிப்பு பற்றி அன்றே சொல்லிவிடுங்கள். எண்ணெய் காய்ந்து கடுகு வெடித்து வரமிளகாய் கருகும் நொடியில் புகை எச்சரிக்கைக் கருவி அலறும், வந்த களைப்பில் குழந்தை பயந்து அழும், அவர் பதறிப்போய் வாசற்கதவைத் திறப்பார். அதைத்தான் செய்யக் கூடாது. புகை நடைபாதைக்குப் போனால் கட்டடம் முழுக்க மணி அடித்துத் தீயணைப்பு வண்டி வந்துவிடும். ஜன்னலைத் திறக்க வேண்டும், அடுப்புக்கு மேலுள்ள மின்விசிறியைத் தாளிப்பதற்கு முன்பே போட வேண்டும், கருவிக்குக் கீழே துண்டை வீசி ஆற்ற வேண்டும். அதைக் கழற்றி வைப்பது பல இடங்களில் சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து.

5. காகிதச் சங்கிலி

இதை மட்டும் தாளில் எழுதிக் கையில் கொடுங்கள், வரிசை மாறினால் ஒரு நாள் அலைச்சல் வீண்.

முதலில் சுங்க எல்லைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் ஐ-94 என்ற நாட்டுக்குள் வந்த பதிவை இறக்கிப் பெயர், பிறந்த தேதி, ஜே-1 என்ற வகை மூன்றும் சரியா என்று பாருங்கள். தவறு இருந்தால் இப்போதே திருத்த வேண்டும், எல்லா அலுவலகமும் இதைத்தான் பார்க்கும்.

இரண்டாவது, சர்வதேச அலுவலகத்தில் போய் வந்துவிட்டேன் என்று பதிவு செய்வது. திட்டம் தொடங்கும் தேதியிலிருந்து 30 நாளுக்குள் அவர்கள் செவிஸ் என்ற அரசுக் கணினிப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், தவறினால் விசா நிலையே போய்விடும். தொடக்கத் தேதிக்கு 30 நாளுக்கு மேல் முன்னதாக நாட்டுக்குள்ளேயே வர முடியாது என்பதும் இதோடு சேர்ந்தது. பிறகு வீடு மாறினால் பத்து நாளுக்குள் இதே அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

மூன்றாவது சோஷியல் செக்யூரிட்டி எண், சம்பளத்துக்கும் வரிக்கும் கேட்கும் அரசு எண். செவிஸ் பதிவு செயல்பாட்டுக்கு வந்து சில நாள் கழித்துப் போகச் சொல்லுங்கள், வந்த மறுநாளே ஓடினால் கணினியில் இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள். அட்டை தபாலில் வரும், அதனால் தபால் பெட்டியில் அவர் பெயரை ஒட்டி வைக்க வேண்டும். கேட்கச் சின்ன விஷயம், ஆனால் பெயர் இல்லாத பெட்டியில் தபால்காரர் போடாமல் திருப்பி அனுப்பிவிடுவது நடக்கிறது.

வங்கிக் கணக்குக்கு இந்த எண் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்துக் கிளைகளில் பாஸ்போர்ட், டிஎஸ்-2019, முகவரிச் சான்று வைத்தே திறப்பார்கள். ஓட்டுநர் உரிமம் கடைசி. ஊரில் ஆர்டிஓ கொடுக்கும் சர்வதேச அனுமதி கொஞ்ச நாள் தாங்கும், ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. ஓட்டக் கற்றுக்கொடுக்கும்போது இரண்டு விஷயத்தைத் தனியாகச் சொல்லுங்கள். பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கோடு நின்றால், நடுவில் தடுப்பு இல்லாத சாலையில், எதிரே வரும் வண்டியும் நிற்க வேண்டும். போலீஸ் நிறுத்தினால் ஊரில் போல இறங்கி அவரிடம் நடந்து போகக் கூடாது, ஸ்டியரிங்கில் கை வைத்து உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

கைது செய்யப் போகிறோம், கிஃப்ட் கார்டில் பணம் கட்டு என்று வரும் தொலைபேசி அழைப்புகளையும் இந்தக் கட்டத்திலேயே எச்சரியுங்கள். புதிதாக வந்தவர்கள் விசா பயத்தில் இருப்பார்கள், ஏமாற்றுகிறவர்களுக்கு அது தெரியும். அரசு அலுவலகம் எதுவும் கிஃப்ட் கார்டில் பணம் வாங்காது.

6. உடம்புக்கு முடியவில்லை என்றால்

நேரே மருத்துவமனைக்குப் போகும் நம் ஊர்ப் பழக்கம் இங்கே பர்ஸைக் காலியாக்கும். சளி, காய்ச்சல், சுளுக்குக்கு அர்ஜென்ட் கேர் எனப்படும் சின்ன மருத்துவ நிலையம். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், பெரிய அடிக்கு 911, அப்போது செலவை யோசிக்கவே கூடாது. எங்கே போனாலும் காப்பீட்டு நிறுவனத்தின் வலைப்பின்னலில் உள்ள இடமா என்று முன்பே பார்க்க வேண்டும், அவசர நேரத்தைத் தவிர. வீட்டுக்குப் பக்கத்தில் அப்படி ஓர் அர்ஜென்ட் கேரைத் தேடி அவர் கைப்பேசி வரைபடத்தில் குறித்துக் கொடுங்கள், காய்ச்சலோடு தேடுவது கொடுமை. மனம் தாங்க முடியாமல் போனால் 988 என்ற எண் நாள் முழுக்க உண்டு.

7. உடன் வந்தவர்

ஆய்வாளருக்குப் போக ஓர் அலுவலகம் இருக்கிறது, பேச ஆள் இருக்கிறது, வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அவரோடு வந்த மனைவிக்கோ கணவருக்கோ காலை எட்டரைக்குக் கதவு சாத்தியதும் ஒன்றுமே இல்லை. ஊரில் பள்ளி ஆசிரியையாகவோ வங்கி அதிகாரியாகவோ இருந்தவர், இங்கே கார் ஓட்டத் தெரியாமல், சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாமல், பால் வாங்கக்கூட இன்னொருவரை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார். நான்கு மணிக்கே இருட்டிவிடும் டிசம்பரில் அது இன்னும் கனக்கும். பாதியில் மூட்டை கட்டிக் கிளம்பிய குடும்பங்களை எனக்குத் தெரியும், காரணம் பெரும்பாலும் இந்தப் பகல் பொழுதுதான். விசிட்டிங் ஸ்காலருக்கு உதவுகிறோம் என்று சொல்லிக்கொண்டு இவரை மறந்தால் பாதி உதவிகூடச் செய்ததாகாது.

வந்த முதல் வாரத்திலேயே அவர் பெயரில் பொது நூலக அட்டை வாங்கிக் கொடுங்கள். இலவசம், பல நூலகங்களில் ஆங்கிலப் பேச்சுக் குழுவும் குழந்தைகளுக்குக் கதை நேரமும் நடக்கும். பஸ்ஸில் ஒருமுறை கூடவே போய் வாருங்கள், காசு எப்படிப் போடுவது, இறங்க எந்தக் கயிற்றை இழுப்பது என்று தெரிந்துவிட்டால் அடுத்த முறை அவரே போவார். உடன் வருகிறவருக்குத் தரும் ஜே-2 விசாவில் படிக்கலாம், தனி அனுமதி தேவையில்லை. வேலை செய்ய ஐ-765 விண்ணப்பம் போட வேண்டும், கிடைக்கச் சில மாதம் ஆகும், அதனால் வந்தவுடனே போடட்டும். வேலைக்கான காரணம் ஜே-1 விசாவில் வந்தவரின் செலவுக்கு என்று இருக்கக் கூடாது, குடும்பத்தின் மற்றச் செலவுக்கு என்று இருக்க வேண்டும். அந்த அனுமதி வரும்வரை ஓட்டுநர் உரிமத்துக்குப் போனால், சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் எண் தர இயலாது என்று ஒரு கடிதம் வாங்கி வரச் சொல்வார்கள் பல மாநிலங்களில். அது கிடைக்கும், கேட்டால் தருவார்கள்.

குழந்தைக்கு அரசுப் பள்ளி இலவசம். வீட்டு முகவரிதான் எந்தப் பள்ளி என்று தீர்மானிக்கும், எனவே வீடு பார்க்கும்போதே பள்ளியைப் பாருங்கள். மதிய உணவில் சைவம் என்றால் முட்டை உண்டா இல்லையா என்று ஆசிரியருக்குத் தெளிவாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் வார இறுதித் தமிழ்ப் பள்ளி இருந்தால் அறிமுகம் செய்யுங்கள், அங்கே குழந்தையைவிட அம்மாவுக்குத்தான் முதலில் சிநேகிதம் கிடைக்கும்.

8. துறைக்குள்

வருவதற்கு முன்பே மேசை, சாவி, மின்னஞ்சல், நூலக உரிமை நான்கும் தயாரா என்று செயலாளரிடம் கேளுங்கள். நடைபாதையில் யாருடைய நாற்காலியிலோ முதல் இரண்டு வாரம் உட்கார்ந்திருப்பது ஐம்பது வயதுப் பேராசிரியருக்குப் பெரிய அவமானம், வெளியே சொல்ல மாட்டார். ஊரில் எல்லோரும் "சார்" என்று எழுந்து நின்றவர், இங்கே இருபத்து மூன்று வயது மாணவர் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது கொஞ்சம் திகைப்பார். அது மரியாதைக் குறைவு அல்ல என்று முன்பே சொல்லுங்கள். நீங்கள் தமிழில் பேசும்போது சார், மேடம் என்றே கூப்பிடுங்கள், அந்த ஒரு வார்த்தை அவரை நிமிர்த்தும்.

அழைத்த பேராசிரியரிடம் வாரம் அரை மணி நேரம் நிலையாக வாங்கிக் கொடுங்கள். "எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்" என்பார் அவர், நம் ஆள் தொந்தரவு என்று நினைத்துப் போகவே மாட்டார், இப்படியே ஒரு செமஸ்டர் கரைந்துவிடும். முதல் மாதத்துக்குள் ஒரு சின்னக் கருத்தரங்கில் அவர் ஆய்வைப் பேச வையுங்கள். அதற்குப் பிறகுதான் பக்கத்து அறைக்காரர்கள் தாமாக வந்து பேசுவார்கள்.

9. இரண்டாவது மாதம்

எல்லோரும் காணாமல் போகும் மாதம் இது. உங்கள் நாட்காட்டியில் இப்போதே இரண்டு நாள் குறித்து வையுங்கள், சும்மா வீட்டுக்குப் போய்க் காபி குடித்துவிட்டு வர. "ஏதாவது உதவி வேண்டுமா" என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். "சனிக்கிழமை இந்தியக் கடைக்குப் போகிறேன், பத்து மணிக்கு வரட்டுமா" என்று கேளுங்கள், உடனே கிளம்புவார்கள். குளிர்காலக் கோட்டு, பூட்ஸ் வாங்க அக்டோபரிலேயே கூட்டிப் போங்கள், பழைய பொருள் கடைகளில் நல்லது மலிவாகக் கிடைக்கும். கண்ணாடி போல் தெரியாத பனி தரையில் படிந்திருக்கும் நாட்களில் அடியைச் சின்னதாக வைத்து நடக்கச் சொல்லுங்கள்.

நடுவில் ஊருக்குப் போய்வர நினைத்தால், டிஎஸ்-2019 தாளில் பயணக் கையொப்பம் செல்லுபடியாகிறதா என்று கிளம்பும் முன் சர்வதேச அலுவலகத்தில் காட்ட வேண்டும்.

10. வரி

சம்பளமே வாங்காவிட்டாலும் முதல் இரண்டு நாட்காட்டி வருடத்துக்கு அமெரிக்க வரித்துறைக்குப் படிவம் 8843 அனுப்ப வேண்டும், ஜே-2 குடும்பத்தினருக்கும் தனித்தனியாக. டிசம்பர் 28 அன்று இறங்கினாலும் அது ஒரு முழு வருடமாகக் கணக்காகும். இந்தியா–அமெரிக்கா வரி ஒப்பந்தத்தின் 22ஆம் பிரிவின்படி, பல்கலைக்கழகத்தில் கற்பிக்கவோ ஆராயவோ இரண்டு ஆண்டுக்கு மிகாமல் வரும் ஆசிரியர், ஆய்வாளர் அந்தச் சம்பளத்துக்கு மத்திய வரி விலக்குக் கேட்கலாம். அதற்குப் படிவம் 8233ஐச் சம்பளப் பிரிவில் முதலிலேயே கொடுக்க வேண்டும். எல்லா மாநிலமும் இதை ஏற்காது, மாநில வரி வேறு கணக்கு. சாதாரண வரி மென்பொருள் பல இவர்களை நாட்டுவாசி போலக் கணக்கிட்டுவிடும், பல்கலைக்கழகம் தரும் வெளிநாட்டவர் மென்பொருளையே பயன்படுத்தச் சொல்லுங்கள்.

11. திரும்பும்போது

திட்டம் முடிந்த பிறகு 30 நாள் நாட்டில் இருக்கலாம், வேலை செய்ய முடியாது, சுற்றிப் பார்க்கலாம். வீட்டுக்காரருக்கு எழுத்தில் முன்னறிவிப்பு, மின்சாரம் இணையம் நிறுத்தம், குழந்தையின் பள்ளிச் சான்றும் இங்கே போட்ட தடுப்பூசிப் பட்டியலும், துறைத் தலைவரிடம் பணிக்கடிதம், இவற்றைக் கடைசி வாரத்துக்கு விடக் கூடாது. அடுத்த ஜனவரியில் வரும் சம்பளப் படிவம் பழைய வீட்டுக்குப் போகாமல் இருக்கப் பல்கலைக்கழகத்தில் இந்திய முகவரியை ஏற்றிவிட வேண்டும். வரித் திரும்பு தொகையும் வீட்டு முன்பணமும் வந்து சேரும்வரை வங்கிக் கணக்கை மூட வேண்டாம் என்று சொல்லுங்கள்.